அத்தை கண்ட பூகோளம்

"ஐரோப்பா பக்கம் ஒரு பிரயாணக் கட்டுரை வேண்டும். மலை, ஏரி, பனி, குளிர் எல்லாம் இருக்கட்டும். படிக்கிறவர்களுக்குக் கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொள்ளலாமா என்று தோன்ற வேண்டும்!" என்றார் ஆசிரியர்.

"போய்வர எத்தனை நாள் லீவு தருவீர்கள்?" என்று கேட்டேன்.

ஆசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். எங்கள் காரியாலயத்தில் அவர் கண்ணாடியைக் கழற்றினால் பணம் கிடையாது என்று அர்த்தம்.

ஐரோப்பாவுக்குப் போகாமல் ஐரோப்பாவைப் பற்றி எழுதுவது எப்படி? போய்வந்த மனுஷியைப் பிடித்துவிட்டால் தீர்ந்தது. என் அத்தை 2018-ஆம் வருஷம் ஜூன் மாதம் ஸ்காட்லாந்துக்குப் போய், மருமகளுக்குப் பிள்ளைப்பேறு பார்த்து, நவம்பர் கடைசியில் திரும்பியவள். ஆறு மாதம் எடின்பரோ நகரத்தில் வாசம். இப்போது மேற்குத் தாம்பரத்தைத் தாண்டி முடிச்சூர்ப் பக்கம் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறாள். கடற்கரை ஸ்டேஷனில் பத்து ரூபாய்க்கு டிக்கெட் வாங்கினேன். ஐரோப்பியப் பிரயாணத்துக்கு இவ்வளவு குறைந்த பில்லை எங்கள் கணக்குப்பிள்ளை பார்த்திருக்க மாட்டார்.

தாம்பரம் ரயிலில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஒரு தடவையாவது ஜன்னலுக்கு வெளியே ஒழுங்காகப் பார்த்திருக்கிறேனா? கிடையாது. உட்கார இடம் கிடைக்குமா என்று பார்ப்பதற்கே பாதி வழி போய்விடும். அன்று பூகோளம் எழுதப் போகிறோமே என்ற நினைவில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கிண்டி தாண்டியதும் ஒரு மாறுதல் தெரிந்தது. அதுவரை தட்டையாக வந்த பூமி மெல்ல மெல்ல முதுகை நிமிர்த்துகிறது! முதலில் பரங்கிமலை. உயரம் ஏறத்தாழ முந்நூறு அடிதான். ஆனால் தட்டைச் சமவெளியில் முந்நூறு அடி என்பது ராஜாவுக்குச் சமானம். பிறகு திரிசூலம். ரயிலுக்கு ஒரு பக்கம் விமான நிலையம், மறு பக்கம் கல் வெட்டி வெட்டிப் பாதி உடம்பு போன மலை. அப்புறம் பல்லாவரம்.

இந்தப் பல்லாவரத்துக் கல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். கல்கத்தா நகரத்துக்கு அடிகோலியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக் 1690-களில் இறந்தபோது, அவருடைய சமாதிக்கு இந்தப் பக்கத்து மலைக்கல் போயிற்று. இருநூறு வருஷம் கழித்து, 1893-ல், தாமஸ் ஹாலண்ட் என்ற மண்ணியல் நிபுணர் அந்தக் கல்லின் ரகத்துக்குப் பெயர் வைக்க நினைத்தார். சமாதியில் இருப்பவர் பெயரையே எடுத்து 'சார்னாகைட்' என்று வைத்துவிட்டார். இன்று உலகத்தில் எந்த மூலையில் அந்த ரகக் கல் அகப்பட்டாலும் அதற்குச் சார்னாகைட் என்றுதான் பெயர். கல்லைக் கொடுத்தது பல்லாவரம், பெயரைத் தட்டிக்கொண்டு போனவர் கல்கத்தாக்காரர்! நம் வீட்டுப் பெண்கள் பலருடைய சமையல் குறிப்புக்கும் இந்தக் கதிதான்.

அந்தக் கல்லின் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். மனிதன் அதன் மேல் வந்து குந்தியது நேற்று. அந்த நேற்றைக்கும் சாட்சி இங்கேயே கிடைத்தது. 1863 மே 30-ஆம் தேதி, ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற மண்ணியல் அதிகாரி பல்லாவரத்துப் பரேட் மைதானத்துக்குப் பக்கத்தில் சரளைக் குழி ஒன்றில் ஒரு கல்லைப் பொறுக்கினார். ஆதி மனிதன் கையால் செதுக்கிய கோடரிக் கல் அது. இந்தியாவில் பழைய கற்கால மனிதன் இருந்தான் என்பதற்குக் கிடைத்த முதல் ஆதாரம். இன்று அந்த ஸ்டேஷனில் இறங்குகிறவர்கள் அநேகமாக வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போகிறவர்கள்தான். அங்கேயும் பழைய சாமான்களே அதிகம் விற்கிறார்கள் என்பது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

குரோம்பேட்டைக்கு அடுத்த ஸ்டேஷன் தாம்பரம் சானடோரியம். இந்தப் பெயரைக் கேட்டாலே என் பாட்டி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொள்வாளாம். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் யமனுடைய சம்மன். ஸ்டிரெப்டோமைசின் வராத நாளில் டாக்டர்கள் கையில் இருந்த மருந்து காற்று, வெயில், ஓய்வு, நல்ல சாப்பாடு. இவ்வளவுதான். டாக்டர் சௌரிமுத்து என்ற தமிழர் இங்கிலாந்தில் சாமர்செட் பிரதேசத்தில், மெண்டிப் மலைச் சாரலில், இந்த வைத்தியத்துக்காகவே சானடோரியம் நடத்தி வந்தார். 1917-ல் கணித மேதை ராமானுஜன் சில காலம் அங்கே நோயாளியாக இருந்திருக்கிறார். அப்பேர்ப்பட்ட டாக்டர் தாய்நாடு திரும்பி, 1928-ல் ஒரு சானடோரியம் ஆரம்பிக்கத் தேர்ந்தெடுத்த இடம் எது தெரியுமா? தாம்பரம்! குன்று, குறுங்காடு, உலர்ந்த காற்று. 1937-ல் அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. இன்று அது பெரிய அரசாங்க நெஞ்சக மருத்துவமனை. இப்போது அந்த வாசலில் நின்று மூச்சை இழுத்தால் ஜி.எஸ்.டி. ரோடு பஸ்களின் புகைதான் உள்ளே போகிறது. ஆனால் மதில் சுவருக்கு உள்ளே இருக்கிற மரங்களைப் பார்த்தால் டாக்டர் ஏன் இங்கே வந்தார் என்று புரிகிறது.

அத்தை வாசலிலேயே நின்றிருந்தாள். கார்த்திகை மாதம். வானம் மூடிக் கிடந்தது.

"வாம்மா, மழைக்கு முன்னாலே வந்துட்டே. காலைக் கழுவிக்கோ, காப்பி கலக்கிறேன்."

வந்த விஷயத்தைச் சொன்னேன். அத்தை சிரித்தாள். "ஸ்காட்லாந்துதானே? ஒரே வார்த்தையிலே சொல்லிடறேன், எழுதிக்கோ. அங்கே வடாம் காயாது."

இதைவிடச் சுருக்கமாக ஒரு நாட்டின் சீதோஷ்ணத்தை யாரும் வருணித்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்தான்.

"ஜூன் மாசம் நடுவெயில் காலம்னு உங்க அத்தான் சொன்னான். நான் ஸ்வெட்டர் மேலே சால்வை போட்டுண்டு உட்கார்ந்திருக்கேன். மழைன்னா நம்ம மழை இல்லே. சல்லடையிலே மாவு சலிக்கிற மாதிரி தூறிக்கிட்டே இருக்கும். குடையும் விரிக்க முடியாது, விரிக்காமலும் இருக்க முடியாது. இதைவிடப் பெரிய கஷ்டம் விளக்கேத்தறது. ஜூன் மாசத்திலே ராத்திரி பத்து மணிக்கு மேலேதான் இருட்டுது. சந்தி விளக்கை எப்போ ஏத்தறது? பத்து மணிக்கு ஏத்திட்டு, அப்புறம் எப்போ தூங்கறது? நவம்பர் வந்தது பாரு, அப்படியே தலைகீழ். மூணேமுக்கால் மணிக்குச் சூரியன் போயாச்சு. குழந்தை மத்தியானத் தூக்கம் எழுந்திருக்கிறதுக்குள்ளே விளக்கேத்திடணும்."

எடின்பரோ 56-ஆவது அட்சரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட மாஸ்கோவும் அதே உயரத்தில்தான். ஆனால் மாஸ்கோவின் கொடிய குளிர் இங்கே கிடையாது. அட்லாண்டிக் சமுத்திரத்தில் தெற்கேயிருந்து வரும் வெந்நீர் ஓட்டம், அதன் மேல் வீசி வருகிற மேற்குக் காற்று, இரண்டும் சேர்ந்து அந்த நாட்டுக்குக் கணப்புச் சட்டி வைக்கின்றன. அதே காற்றுதான் மழையையும் கொண்டுவருகிறது. மேற்குக் கரை மலைகளில் மோதி அங்கே வருஷத்துக்கு 300 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு கிழக்கே வருகிறது. எடின்பரோவுக்குக் கிடைப்பது சுமார் 70 சென்டிமீட்டர்.

நமக்கு இது தெரிந்த கதைதானே? ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மலைத்தொடரில் மோதி மலையாளத்தை நனைத்துவிட்டு நம்மிடம் வரும்போது கையை விரிக்கவில்லையா? கேரளம் அவர்களுக்கு மேற்குக் கரை. நாம் எடின்பரோ. ஒரு வித்தியாசம்: நமக்கு ஐப்பசியில் காற்று திரும்புகிறது. வங்காள விரிகுடாவிலிருந்து வடகிழக்குப் பருவமழை வந்து, ஆறு மாதத்துக் கடனை ஆறு வாரத்தில் வட்டியோடு தீர்க்கிறது. சென்னைப் பக்கத்துக்கு வருஷத்துக்குச் சுமார் 140 சென்டிமீட்டர். எடின்பரோவைப்போல் இரு மடங்கு!

"அப்படியானால் அங்கே ஏரியெல்லாம்...?"

"ஏரியா? அது ஏரி இல்லேம்மா, பள்ளம். கரை கிடையாது, மதகு கிடையாது. மலைக்கு நடுவிலே தண்ணி தானா நிக்குது. நெஸ்னு ஒண்ணுக்குக் கூட்டிண்டு போனான். பூதம் இருக்காம் அதுலே. மூணு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பூதம் வரல்லே. குளிர்லே எனக்குத்தான் பல்லு தந்தி அடிச்சுது."

அத்தை சொன்னது பூகோள ரீதியிலும் சரியே. ஸ்காட்லாந்தின் ஏரிகளைத் தோண்டியது பனி. பத்தாயிரம் வருஷத்துக்கு முன்புவரை அந்த நாட்டின் மேல் பனிப்பாறைகள் படுத்துக் கிடந்தன. அவை நகர்ந்து சுரண்டிய பள்ளங்கள்தான் பின்னால் தண்ணீர் நிரம்பி ஏரிகள் ஆயின. நெஸ் ஏரி 37 கிலோமீட்டர் நீளம். ஆழம் சுமார் 750 அடி! நம்முடைய செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி. கொள்ளளவு 364 கோடியே 50 லட்சம் கன அடி. அப்படி எழுபது செம்பரம்பாக்கத்தை நெஸ் ஏரிக்குள் ஊற்றலாம்.

ஆனால் செம்பரம்பாக்கத்தை மனிதர்கள் மண் சுமந்து கட்டினார்கள். செங்கற்பட்டுப் பக்கத்து ஏரிகள் அத்தனையும் அப்படித்தான். சரிந்து போகிற பூமியில் வில்லைப்போல் ஒரு கரை போட்டுத் தண்ணீரை நிறுத்துவது. வயலுக்கு விட ஒரு மதகு. நிரம்பினால் வழிய ஒரு கலங்கல். வழிந்த தண்ணீர் கால்வாயில் போய் அடுத்த ஏரி. அது நிரம்பினால் அதற்கடுத்தது. மாமியார் பரிமாறியது போக மிச்சம் மருமகளுக்கு என்கிற ஏற்பாடு! 'பாக்கம்', 'தாங்கல்' என்று முடிகிற ஊர்ப் பெயர்களை எண்ணிப் பாருங்கள். தாங்கல் என்றால் சின்ன ஏரி. நான் வந்த ரயில் பழவந்தாங்கலில் நின்றது. ஏறியவர்களில் யாரும் நீந்தி வரவில்லை. அவ்வளவு தூரம் மாறிவிட்டது.

காப்பி டம்ளரை எடுக்கப் போனவள் சுவரருகே நின்றாள். கூடத்துச் சுவரில் சுண்ணாம்புக்கு மேலே பென்சிலால் ஒரு கோடு. என் மார்புக்கு வந்தது.

"வெள்ளையடிச்சப்போ இதை மட்டும் விட்டுடச் சொன்னேன்" என்றாள் அத்தை.

2015 டிசம்பர் முதல் தேதி, செவ்வாய்க்கிழமை. நவம்பர் முழுவதும் பெய்து ஏரிகள் ஏற்கெனவே ததும்பி நின்றன. இனி ஒரு குடம் ஊற்றவும் இடமில்லை. அந்த நிலையில் மறுநாள் காலை எட்டரை மணி வரையிலான ஒரு நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. எடின்பரோவில் எட்டு மாதத்துக்குப் பெய்வது ஒரே நாளில்! அத்தை மொட்டை மாடியில் அடுத்த வீட்டுக்காரர்களோடு இரண்டு இரவு இருந்தாள். படகு வந்து இறக்கிக்கொண்டு போனது. மாமாவின் படம், கல்யாண ஆல்பம், பட்டுப் புடவை நான்கு, எல்லாம் சேறு. "புடவை போனதுக்கு அழல்லே. மாமா கைப்பட எழுதின கணக்கு நோட்டு போச்சு. அதுலே தினமும் கறிகாய் விலையைத்தான் எழுதுவார். ஆனாலும்..." என்று நிறுத்திக்கொண்டாள்.

அன்று எல்லாரும் செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிட்டதால்தான் முடிச்சூர் முழுகியது என்று சொன்னார்கள். நானும் அப்படியே நம்பியிருந்தேன். அத்தை தலையை ஆட்டினாள். "வா, காட்டறேன்" என்று தெரிந்த ஆட்டோவைக் கூப்பிட்டாள். எழுபது வயது அம்மாள் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என்னைப் பூகோளப் பாடத்துக்கு அழைத்துப்போனாள்.

முதலில் அடையாறு. அடையாறு என்றால் நகரத்துக்காரர்களுக்குப் பாலமும் ஆலமரமும் நினைவுக்கு வரும். அது முடிவு. ஆரம்பம் இங்கே. ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் வழிந்து வரதராஜபுரம், முடிச்சூர் வழியாக வருகிற தண்ணீர்தான் அடையாறு. ஆட்டோ நின்ற இடத்தில் அது ஒரு சாதுவான ஓடை. கரையில் கோரைப்புல். ஒரு கொக்கு. 2015-க்குப் பிறகு அகலப்படுத்தியிருக்கிறார்கள். அது நன்றாகவே தெரிகிறது. செம்பரம்பாக்கத்து உபரி நீர் இதனோடு சேருவது இன்னும் கீழே, திருநீர்மலைப் பக்கத்தில்.

"கீழே சேர்ற தண்ணி மேலே ஏறி எங்க வீட்டுக்கு எப்படி வரும்? சைதாப்பேட்டைக்காரங்க சொன்னா நியாயம். எங்களை முழுகடிச்சது எங்க ஊர் ஏரிகளே. கால்வாய் இருந்த இடத்திலே வீடு. வயல் இருந்த இடத்திலே வீடு. எங்க வீடும் வயலிலேதான் இருக்கு. மாமா 1983-லே வாங்கினப்போ 'பம்புசெட்டுக்குப் பக்கத்து மனை'ன்னு சொல்லித்தான் வித்தாங்க. பம்புசெட்டு இருந்தா அது மேட்டு நிலமா? எங்களுக்கு அப்போ தோணல்லே."

தன் மேலேயே குற்றத்தைச் சொல்லிக்கொள்ளும் வழக்கம் பொதுவாக வெள்ளத்தைப் பற்றிப் பேசுகிறவர்களிடம் கிடையாது. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

திருநீர்மலை வரை போனோம். சின்னக் குன்று. கீழே ஒரு கோயில், மேலே ஒரு கோயில். பெருமாள் நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் நாலு கோலத்தில் இருக்கிறார். இந்த ஊருக்கு ஏன் நீர்மலை என்று பெயர்? திருமங்கையாழ்வார் தரிசனத்துக்கு வந்தபோது மலையைச் சுற்றி ஒரே தண்ணீராம். வடியட்டும் என்று ஆறு மாதம் எதிரே காத்திருந்தாராம். தலபுராணம்தான். ஆனால் எழுதியவர் உள்ளூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும். செம்பரம்பாக்கத்து வழிவு நீரும் அடையாறும் கூடுகிற இடம் இது என்பதைப் படி ஏறிப் பார்த்தால் குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆயிரம் வருஷமாகப் பெயரிலேயே எச்சரிக்கை எழுதி ஒட்டியிருக்கிறது. மனை வாங்குகிறவர்கள் பத்திரத்தைப் பார்க்கிறோமே தவிர ஊர்ப் பெயரைப் பார்ப்பதில்லை.

திரும்பி வந்து ரயில் பாதையைக் கடந்து கிழக்கே போனோம். தாம்பரத்தின் விசேஷமே இதுதான். ரயில் பாதை ஓடும் மேட்டுக்கு மேற்கே விழுகிற மழைத்துளி அடையாற்றோடு போய், பட்டினப்பாக்கத்துக்குப் பக்கத்தில் கடலைத் தொடும். கிழக்கே விழுந்த துளிக்கு வேறு யாத்திரை. சேலையூர், செம்பாக்கம் என்று ஏரி ஏரியாக இறங்கி, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர்ந்து இளைப்பாறி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் புகுந்து, தெற்கே முட்டுக்காடு முகத்துவாரத்துக்குப் போகும். ஒரே மேகத்தில் பிறந்த அக்காவும் தங்கையும் ஸ்டேஷனுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தியாகக் கல்யாணமாகிப் போகிற மாதிரி!

பள்ளிக்கரணையைப் பழைய ஆட்கள் 'கழிவேலி' என்பார்கள். மழைக்காலத்தில் தண்ணீரை வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கடலுக்கு அனுப்பும் பூமி. கம்பெனிக் கட்டடங்கள், குப்பைமேடு, ரோடு எல்லாம் தின்றது போக மிச்சம் இருப்பது சிறு பங்குதான். 2022-ல் அதற்கு ராம்சார் என்ற சர்வதேச அந்தஸ்து கிடைத்தது. பூநாரையும் உள்ளான் குருவியும் இன்னும் வருகின்றன. அந்தஸ்தைப் பற்றி அவற்றுக்கு யாரும் சொல்லவில்லை. தண்ணீர் இருக்கிறது என்று வருகின்றன.

சேலையூர்ச் சாலையில் மரங்கள் அடர்ந்த ஒரு மதிலருகே அத்தை ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரி. மாமா படித்த இடம்.

"நான் ஸ்காட்லாந்துக்குப் போறேன்னு இந்தத் தெருவே வந்து வழியனுப்பிச்சுது. அந்த ஊர்க்காரங்க நூத்தெண்பது வருஷத்துக்கு முன்னாலேயே இங்கே வந்தாச்சு. அவங்களை யாரு வழியனுப்பினாங்களோ!"

வாஸ்தவம். 1837-ல் ஜான் ஆண்டர்ஸன் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் சென்னையில் ஆரம்பித்த பள்ளிக்கூடத்தின் வழி வந்ததுதான் இந்தக் கல்லூரி. வில்லியம் மில்லரும் ஸ்காட்லாந்துக்காரர்தான். நகரத்து நெரிசலை விட்டு 1937-ல், நூறாவது வருஷத்தில், தாம்பரத்துக் குறுங்காட்டுக்குக் குடிவந்தார்கள். அப்போது இங்கே முட்செடியும் புதரும்தான். ரசாயனப் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் நட்டு வளர்த்த மரங்கள் பல. ஆயிரம் விதமான மரத்தை நடலாம், ஆனால் இயற்கையாக இருந்த குறுங்காட்டையும் அழிக்காமல் விட்டு வைத்தார்களே, அது பெரிய காரியம். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடித்தபோது இங்கேயும் வண்டலூர் மிருகக்காட்சிசாலையிலும் நெட்டையான மரங்கள் சாய்ந்தன. வண்டலூரில் மட்டும் ஆயிரக்கணக்கில். குட்டையான காட்டுச் செடிகள் தலையைக் குனிந்துகொண்டு தப்பித்தன.

"எடின்பரோவிலே ஊருக்கு நடுவிலே ஒரு மலை இருக்கு, ஆர்தர் ஆசனம்னு. எண்ணூறு அடி. பேரனை வண்டியிலே வெச்சுத் தள்ளிண்டு அடிவாரம் வரைக்கும் போவேன். ஹட்டன்னு ஒருத்தர் பூமியோட வயசைப் பத்தி யோசிச்சப்போ அந்தப் பாறையையும் ஆராய்ஞ்சாராம். உங்க அத்தான் பெருமையாச் சொன்னான், முப்பத்துநாலு கோடி வருஷம்னு. எனக்குப் பல்லாவரத்து ஞாபகம் வந்துட்டுது" என்றாள் அத்தை. "பேரனும் பாட்டியும் மாதிரி இல்லே?"

ஏழு மடங்கு வித்தியாசம். பாட்டி என்பதுகூடக் குறைவுதான்.

வீடு திரும்பியபோது இருட்டிவிட்டது. அகல் விளக்குகளைத் திண்ணையில் வரிசையாக வைத்தோம். அப்போதுதான் அத்தை நிஜமான விஷயத்தைச் சொன்னாள். வீட்டை விற்றுவிடச் சொல்லி அத்தான் வற்புறுத்துகிறார். ஆள்கூட வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். ஆறு மாதம் எடின்பரோ, ஆறு மாதம் கோயம்புத்தூரில் மகள் வீடு. பொங்கலுக்குள் பதில் சொல்ல வேண்டும். அத்தைக்கு வேறு யோசனை. அடுத்த தெருவில் ஒரு வீட்டை ஜாக்கி வைத்து உயர்த்தியிருக்கிறார்கள். வடக்கேயிருந்து வந்த ஆட்கள் சுவருக்கு அடியில் நூற்றுக்கணக்கான ஜாக்கிகளைக் கொடுத்து, தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, வீட்டை அப்படியே நாலு அடி தூக்கிவிட்டார்கள். உள்ளே சுவரில் மாட்டிய கடிகாரம்கூட நிற்கவில்லையாம். அதேபோல் தன் வீட்டையும் தூக்கிவிட வேண்டும். வளையல் நாலும் ரெட்டைவடச் சங்கிலியும் அதற்கு என்று எடுத்து வைத்திருக்கிறாள்.

"நீ படிச்சவ. பத்திரிகையிலே இருக்கே. நீ சொன்னா அவன் கேப்பான்."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ரயிலில் வரும்போதே, அத்தை அந்தப் பள்ளத்தில் தனியாக இருப்பதைவிட விற்றுவிடுவதே நல்லது என்றுதான் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

ஒன்பதேமுக்காலுக்கு வீடியோவில் அத்தான் கூப்பிட்டார். அங்கே மாலை நாலேகால். ஜன்னலுக்கு வெளியே கும்மிருட்டு. பேரன் ஆப்பிள் தின்றுகொண்டே வந்து பாட்டிக்கு முத்தம் கொடுத்துவிட்டு ஓடினான்.

"நீயே சொல்லு. அம்மா அங்கே இருக்கலாமா?" என்று என்னைக் கேட்டார் அத்தான்.

அத்தை அடுப்பங்கரை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"தண்ணீர் மறுபடி வரும், அத்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வந்தது. வாசற்படி வரை வந்து நின்றது. ஆற்றை அகலப்படுத்தியிருக்கிறார்கள். அதனால் குறையலாம். வராது என்று யாரும் சொல்ல முடியாது."

இரண்டு பக்கமும் பேச்சில்லை. அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது என்று பயந்தேன்.

அவள் முன்னால் வந்து போனை வாங்கிக்கொண்டாள். "அவ சொல்றது நிஜம்தாண்டா. வரும். எனக்குத் தெரியாதா? வரும்போது நான் நாலு அடி மேலே உட்கார்ந்திருக்கேன். மழை பெரிசுன்னு ரேடியோவிலே சொன்னா முன்னாலேயே உங்க அக்கா வீட்டுக்குக் கிளம்பிடறேன். அது சத்தியம். மிச்சம் பத்து மாசம் என் முருங்கைமரத்தைப் பார்த்துண்டு இருக்கேனே!"

"நாலு அடி போதுமாம்மா? அன்னிக்கு எவ்வளவு நின்றது?"

அத்தை பதில் சொல்லவில்லை. போனை என் கையில் கொடுத்துவிட்டு அலமாரியைத் திறந்து தையல் டேப்பை எடுத்தாள். ஒரு முனையைத் தரையில் வைத்து என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். மறு முனையைச் சுவரோடு உயர்த்திக்கொண்டு போய்ப் பென்சில் கோட்டில் நிறுத்தினாள். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு குனிந்து படித்தாள்.

"நாலு அடி மூணு அங்குலம்" என்றாள் போனைப் பார்த்து. "அஞ்சு அடியாத் தூக்கச் சொல்லிடறேன்."

கடைசி வண்டிக்கு முந்திய வண்டியில் ஏறினேன். பல்லாவரம் தாண்டும்போது தூற ஆரம்பித்தது.